நகைப்பின் இலக்கு: சமபாலுறவாளர் பற்றிய மூன்று திரைப்படங்கள்

நகை என்னும் மெய்ப்பாட்டுக்குத் தொல்காப்பியர் கூறும் நிலைக்களன்கள் நான்கு. அவற்றுள் முதலாவது எள்ளல். எள்ளல் ஒரு சமூக உறவு. எள்ளுபவர், எள்ளப்படுபவர், அதனைக் கண்டு சிரிப்பவர் என மூவர் அதில் உளர். எனவே நகைச்சுவைப் படைப்பொன்றினை மதிப்பிடுவோர் முதலில் எழுப்பவேண்டிய வினா, எள்ளல் எவர்மீது பாய்கிறது என்பதாகும். பார்வையாளரின் ஒழுக்க உணர்வைச் சீண்டும் வகையிற் சமபாலுறவாளரைப் பாத்திரங்களாக்கிய மூன்று திரைப்படங்களை இவ்வினாவின் அடிப்படையில் ஆராய முயல்கிறது இக்கட்டுரை.

முதலாவது, ழான் புவாரேயின் 1973ஆம் ஆண்டு நாடகத்தைத் தழுவி எடுவார் மொலினாரோ 1978இல் நெறிப்படுத்திய 'லா காஜ் ஓ போல்'. சென் துரோப்பே நகரில் இரவுவிடுதி நடத்தும் ரெனாத்தோவும், அங்குப் பெண்வேடம் பூண்டு பாடும் அல்பேனும் நீண்டகாலத் துணைவர்கள். ரெனாத்தோவின் மகன், ஒழுக்கக் காவலை முழக்கமாகக் கொண்ட வலதுசாரிக் கட்சிப் பிரமுகரின் மகளை மணக்க விரும்புகிறான். சம்பந்திகளை நம்பவைக்கும் பொருட்டு வீடு துறவிமடம்போல் மாற்றப்படுகிறது. ஆண்களைப்போல் ரொட்டிக்கு வெண்ணெய் தடவவும், ஜோன் வெய்னைப்போல் நடக்கவும் அல்பேனுக்குப் பயிற்சி அளிக்கப்படுகின்றது. இயற்கை எனப் போற்றப்படும் ஆண்மை, கற்றுப் பழகவேண்டிய ஒரு வேடமே என்பதை இக்காட்சி சிரிப்பின் வழியே புலப்படுத்திவிடுகிறது. இறுதியில், பத்திரிகையாளரிடமிருந்து தப்புவதற்காக ஒழுக்கக் காவலரே பெண்ணுடை தரிக்கிறார். எள்ளல் இடம் மாறுகின்றது.

ஆயினும் இப்படத்தின் வர்க்க எல்லையும் தெளிவானது. இவ்விருவரும் சொத்துடையோர், சமூகத்தின் சகிப்புத்தன்மைக்கு விலை கொடுக்க வல்லோர். அவர்களது வீட்டுப் பணியாளான கறுப்பின ஜேக்கப் நையாண்டிக்குரிய உருவமாகவே நின்றுவிடுகிறான். ஒழுக்கவாதியைக் கவிழ்த்த நகைப்பு, பணியாள்மீது காலனித்துவப் பழக்கத்தையே தொடர்கின்றது.

இரண்டாவது படம் இவ்வெல்லையை மீறியது. ஹனீப் குரேஷி எழுத, ஸ்டீபன் பிரியர்ஸ் நெறிப்படுத்தி 1985இல் வெளிவந்த 'மை பியூட்டிபுல் லோண்ட்ரெட்', தட்சர் ஆட்சிக்கால இலண்டனைக் களமாகக் கொண்டது. பாகிஸ்தானிய வம்சாவளியினனான ஓமர், தந்தையின் சகோதரனது பாழடைந்த சலவை நிலையமொன்றைப் பொறுப்பேற்கிறான். பாசிசவாதிகளுடன் ஊர்வலம் சென்றவனும் பழைய பள்ளித்தோழனுமாகிய ஜோனியை வேலைக்கமர்த்துகிறான். இருவரும் காதலர்கள். அதே வேளையில் ஒருவன் முதலாளி, மற்றவன் கூலியாள். முன்னர்த் தன்னை உதைத்தவனே இன்று தன் தரையைக் கழுவுகிறான் என்பதிற் காதலின் குறும்பும் உண்டு, வர்க்கத்தின் பழிவாங்கலும் உண்டு. குடியேறியோரிடையே உருவான சிறு முதலாளி, குடியிருப்போரை வெளியேற்றுவதற்கு வேலையற்ற வெள்ளை இளைஞனைப் பயன்படுத்தும் முரண்நிலை படத்தின் அச்சாகும். இக்காதலைப் படம் விளக்கவுமில்லை, அதற்காக மன்னிப்புக் கோரவுமில்லை. இலாப வேட்டையையே அது நகைக்கின்றது. சமூகத்தின் மானத்தைக் கெடுத்ததாகக் கூறி நியூயோர்க்கில் பாகிஸ்தானியர் சிலர் இதற்கெதிராக ஆர்ப்பாட்டம் செய்தனர். ஒடுக்கப்பட்ட சமூகமொன்று தன் உள் முரண்பாடுகளை மறைப்பதனால் விடுதலை பெறுவதில்லை என்பதே அதற்குரிய விடையாகும்.

மூன்றாவது படம் முற்போக்காளராகிய நம்மையே நோக்கிப் பேசுவது. ஒக்டோபர் புரட்சியின் பின் 1922இல் உருவான ருஷ்யக் குற்றவியற் கோவையில் சமபாலுறவு குற்றமாக இடம்பெறவில்லை. ஸ்டாலின் காலத்தில், 1934இல் அது மீண்டும் குற்றமாக்கப்பட்டது. கியூபாவில் 1965 முதல் 1968 வரை இயங்கிய கட்டாய உழைப்பு முகாம்களுக்குச் சமபாலுறவாளர் பலர் அனுப்பப்பட்டனர். "பூர்ஷ்வாச் சீரழிவு" என்ற சொற்றொடர் இவற்றுக்கு நியாயமாயிற்று. இதனை அந்நாட்டின் புரட்சிக் கலைஞர்களே விசாரணைக்குட்படுத்தினர் என்பது மனங்கொள்ளத்தக்கது. தொமாஸ் குத்தியேரஸ் அலேயாவும் குவான் கார்லோஸ் தபியோவும் 1993இல் நெறிப்படுத்திய 'ஸ்ட்ரோபெரியும் சொக்கலேற்றும்', 1979ஆம் ஆண்டின் ஹவானாவிற் கதையை நிறுத்துகின்றது. கொப்பேலியா ஐஸ்கிறீம் நிலையத்தில் ஸ்ட்ரோபெரியைத் தெரிவுசெய்ததைக் கொண்டே தியேகோவின் பாலியலை முடிவுகட்டும் தாவீத், இளங் கம்யூனிஸ்டு மாணவன். கண்காணிக்கும் எண்ணத்துடன் செல்பவன், லெசாமா லிமாவையும் ஹவானாவின் கட்டடக்கலையையும் தியேகோவிடமிருந்தே கற்கிறான். சூத்திரங்களால் உலகை அளக்கும் மாணவனே இங்கு நகைப்புக்குள்ளாகிறான்; புரட்சியின் இலட்சியமன்று. 1966இல் 'ஓர் அதிகாரியின் மரணம்' என்ற படத்திற் பணித்துறை ஆட்சியை நகைத்த அலேயாவின் நேர்மை ஈண்டும் தொடர்கின்றது.

எனினும் குறை ஒன்று உண்டு. தாவீதின் காதல் நான்சி என்னும் பெண்ணிடம் பத்திரமாகச் சேர்க்கப்படுகின்றது. தியேகோவுக்குக் கிடைப்பது ஒரு தழுவலும் நாடுநீங்கலுமே. மாணவன் முதிர்ச்சி பெறுகிறான். அவனுக்குக் கற்பித்தவனுக்குத் தாய்நாட்டில் இடமில்லை. அக்காலக் கொடுமைக்குத் தாமே பொறுப்பு என 2010இல் பிடல் காஸ்ட்ரோ கூறியதும், 2022இல் மக்கள் வாக்கெடுப்பின் வழி அந்நாட்டில் ஒருபாற் திருமணம் சட்டமாகியதும் படம் எழுப்பிய வினாவின் நியாயத்தை உறுதிப்படுத்துவன.

இவ்வினா நமக்கும் அந்நியமானதன்று. 1883இல் ஆங்கிலேயர் இங்கு இயற்றிய தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365அ பிரிவுகள் 1995இல் திருத்தப்பட்டபோது, அத்திருத்தம் பெண்களையும் குற்றவாளிகளாக்கியது. ஆங்கிலேயரோ தம் நாட்டில், இங்கிலாந்திலும் வேல்சிலும், 1967இலேயே தடையைத் தளர்த்தத் தொடங்கிவிட்டனர். ஆண்டவர் தாமே கைவிட்ட சட்டத்தை நமது பண்பாடு எனக் காப்பது, ஏகாதிபத்திய எதிர்ப்பு ஆகாது.

மேலே கண்ட மூன்று படங்களும் ஒரே உண்மையை வெவ்வேறு அளவில் உணர்த்துகின்றன. எள்ளல் அதிகாரத்தை நோக்கி எழும்போது அது திறனாய்வாகின்றது. ஒடுக்கப்பட்டோர்மீது விழும்போது, எத்துணைத் துணிச்சலாகத் தோன்றினும், ஒடுக்குவோரின் ஏவலையே செய்கின்றது. வர்க்கச் சுரண்டலை எதிர்ப்போர் இந்நகைப்பில் எப்பக்கம் நிற்கின்றனர் என்பது அவர்தம் மானுட நேயத்தின் உரைகல்லாகும்.