'நன்றி: கூகுள்' என்று எழுதுவதில் என்ன பிரச்சினை?

இணையத்தில் தமிழ்க் கட்டுரைகளைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு மூன்று வரிகள் மனப்பாடமாகவே ஆகியிருக்கும். 'நன்றி: கூகுள்', 'படம்: இணையம்', 'படித்ததில் பிடித்தது'. முதல் இரண்டும் படத்துக்குக் கீழே வரும். மூன்றாவது, வேறு யாரோ எழுதிய முழுக் கட்டுரைக்கு மேலே வரும். எழுதியவர் பெயர் மட்டும் எங்கேயும் இருக்காது.

கூகுள் எந்தப் படத்தையும் எடுத்துத் தரவில்லை, தேடித்தான் தந்தது. கடிதம் எழுதியவரை விட்டுவிட்டுத் தபால்காரருக்கு நன்றி சொன்ன கதைதான். இதைப் பற்றிப் பேசினால் உடனே வருகிற பதில், "நாங்க என்ன இதுல காசா பார்க்கிறோம்? மரியாதைக்கு ஒரு நன்றி போட்டாச்சு, போதாதா?" என்பது. என் கருத்து வேறுபாடு அந்த 'மரியாதை' என்ற சொல்லிலேயே தொடங்குகிறது. படத்துக்குக் கீழே பெயர் போடுவதை நாம் ஒரு உபசாரமாக மட்டும் பார்க்கிறோம். எடுத்தவருக்கு அது மரியாதைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பெயர் யாரைவிடவும் வாசகருக்குத்தான் அதிகம் தேவை. யார் எடுத்தது, எங்கே, எப்போது என்று தெரிந்தால்தான் அவர் திரும்பிப் போய்ச் சரிபார்க்க முடியும்.

இதற்கு உதாரணம் தேடி நான் தூரம் போக வேண்டியதில்லை. பென்னலூரிலிருந்து பெங்களூரு நெடுஞ்சாலையில் மேற்கே சில கிலோமீட்டர் போனால் ராஜீவ் காந்தி நினைவிடம். 1991 மே 21 இரவு அங்கே குண்டு வெடித்தபோது இறந்தவர்களில் ஒருவர் ஹரிபாபு என்ற இளம் புகைப்படக்காரர். அவர் உடலோடு கிடந்த கேமரா தப்பியது. அதில் இருந்த ஃபிலிமைக் கழுவியபோது 10 படங்கள் கிடைத்தன. கையில் சந்தன மாலையோடு காத்திருக்கும் பெண், நிருபரைப் போல வெள்ளைக் குர்தாவில் நிற்கும் ஆள் என்று, பின்னாளில் தணு, சிவராசன் என நாடு முழுக்கத் தெரியவந்தவர்களின் முகங்கள் அதில் இருந்தன.

படங்களில் இருப்பவர்கள் யார் என்பது ஒரு கேள்வி. படங்களை எடுத்தவர் யார், அவரை அங்கே வரச் சொன்னது யார் என்பது இன்னொரு கேள்வி. புலனாய்வு இந்த இரண்டாவது கேள்வியைப் பிடித்துக்கொண்டும் நெடுந்தூரம் போனது. ஹரிபாபுவின் நண்பர்கள், அவர் வேலை பார்த்த ஸ்டுடியோ, அவர் வீட்டில் கிடைத்த சந்தன மாலை ரசீது என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கதவுகள் திறந்தன. சதி செய்தவர்களே அவரைப் படமெடுக்க ஏற்பாடு செய்திருந்தார்கள் என்றது சிறப்புப் புலனாய்வுக் குழு. அதாவது இந்தப் படங்களில், எடுத்தவர் பெயரும் சாட்சியத்தில் ஒரு பகுதி.

இன்று அதே படங்கள் இணையத்தில் எப்படிச் சுற்றுகின்றன, பாருங்கள். ஓரம் வெட்டப்பட்டு, மேலே யாரோ ஒருவருடைய சேனலின் முத்திரை குத்தப்பட்டு, கீழே 'நன்றி: இணையம்' என்று. 'குண்டு வெடிப்பதற்கு ஒரு நொடி முன்' என்ற தலைப்பு, வரிசையில் எந்தப் படத்துக்கு வேண்டுமானாலும் ஒட்டப்படுகிறது. 10 படங்கள் ஒரே ஃபிலிமில் இருந்தவை, அவற்றுக்கு ஒரு வரிசை உண்டு, எடுத்தவர் ஒரே ஆள் என்பதெல்லாம் படிக்கிறவருக்குத் தெரியவே வழியில்லை. அப்புறம் ஆளாளுக்கு ஒரு கதை கட்டுவதில் ஆச்சரியம் என்ன?

இங்கே இன்னொன்றும் புரிகிறது. இந்தப் படங்களுக்குக் கீழே 'நன்றி: ஹரிபாபு' என்று எழுத நம்மில் பெரும்பாலானோருக்குக் கை வராது. ஆனால் 'எடுத்தவர்: ஹரிபாபு' என்று எழுதியே ஆக வேண்டும். பெயர் குறிப்பிடுவதும் நன்றி சொல்வதும் வேறு வேறு வேலைகள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குக் கிடைக்கவில்லை. 'நன்றி' என்ற ஒரே சொல்லில் இரண்டையும் போட்டுக் குழப்பியதால்தான், நன்றி சொல்லத் தோன்றாத இடத்தில் பெயரையும் விட்டுவிடுகிறோம்.

இது வெள்ளைக்காரன் சொல்லித்தந்த பழக்கம் என்று யாராவது சொன்னால், உ.வே.சாமிநாதையர் பதிப்புகளைப் புரட்டச் சொல்வேன். 1887இல் சீவக சிந்தாமணி, 1892இல் சிலப்பதிகாரம், 1894இல் புறநானூறு. ஏட்டுச் சுவடி கொடுத்து உதவியவர்களை அவர் முகவுரைகளில் பெயர் சொல்லிக் குறிப்பிட்டார். படிப்பவருக்கு அது நன்றியுரை மட்டுமில்லை. எந்தச் சுவடி எங்கிருந்து வந்தது என்பதற்கான பதிவும் அதுதான். ஒரு பாடத்தில் சந்தேகம் வந்தால் அடுத்த ஆய்வாளர் பிடித்துப் போக ஒரு நூல் இருந்தது. 'ஏடு: தமிழ்நாடு' என்று மட்டும் அவர் எழுதியிருந்தால் எப்படி இருந்திருக்கும்?

பகிர்கிற செய்திக்கும் இதே கணக்குதான். 2021 டிசம்பரில் ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்கள் 150 பேருக்கு மேல், விடுதிச் சாப்பாட்டால் உடல்நலம் கெட்டு மருத்துவமனையில் சேர்ந்தார்கள். சிலர் இறந்துவிட்டார்கள் என்று தகவல் பரவியது. பெண்கள் திரண்டு வந்து நெடுஞ்சாலையை மறித்தார்கள். யாரும் இறக்கவில்லை என்று பிறகு தெரிந்தது. விடுதியின் மோசமான நிலை மட்டும் உண்மை. தங்கும் அறைகளும் சாப்பாட்டுக் கூடங்களும் தன் தரத்துக்கு இல்லை என்று ஆப்பிள் நிறுவனமே ஒப்புக்கொண்டது. கூட வேலை செய்கிறவள் எங்கே இருக்கிறாள் என்று தெரியாமல் தவித்தவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் 'வந்தது, அனுப்பினேன்' என்று எங்கோ உட்கார்ந்து தட்டிவிட்டவர்களைச் சொல்வேன். நியாயமான ஒரு போராட்டத்தின் மேல் 'வதந்தி' என்ற முத்திரையைக் குத்த அவர்கள்தான் இடம் கொடுத்தார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 57ஆவது பிரிவுப்படி, உரிமையை விற்றுவிட்ட பிறகும்கூட, 'இது என் படைப்பு' என்று சொல்லும் உரிமை படைத்தவரிடமே இருக்கிறது. விமர்சனத்துக்காகவும் நடப்புச் செய்திக்காகவும் நியாயமான அளவில் எடுத்தாள 52ஆவது பிரிவு இடம் தருகிறது. இதற்காக முழுக் கட்டுரையையும் அள்ளிப் போட்டுவிட்டுப் 'பிடித்தது' என்றால், அது எடுத்தாள்வது ஆகாது. பெயர் போட்டுவிட்டால் அனுமதி வாங்கியதாகவும் ஆகாது. அனுமதி தனி, பெயர் தனி. அனுமதியை முன்கூட்டியே தந்துவிட்ட படங்களும் உண்டு. விக்கிமீடியா பொதுவகத்தில் பல படங்கள் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் கிடைக்கின்றன. அவற்றில் பலவும் கேட்கிற விலை, எடுத்தவர் பெயர், உரிமத்தின் பெயர், மாற்றியிருந்தால் மாற்றினேன் என்ற ஒரு வரி, இவ்வளவுதான். அதையும் 'படம்: விக்கிப்பீடியா' என்று சுருக்கிவிடுகிறோம்.

"யார் எடுத்தாங்கன்னே தெரியலையே" என்பது நியாயமான கேள்வி. படத்தை வைத்தே தேடும் வசதி இப்போது கைப்பேசியிலேயே இருக்கிறது; ஐந்து நிமிஷம் செலவழித்தால் பாதிப் படங்களுக்காவது மூலம் கிடைத்துவிடும். கிடைக்காதவற்றுக்கு உண்மையை எழுதலாம்: 'எடுத்தவர் தெரியவில்லை, இன்ன பக்கத்தில் இன்ன தேதியில் கண்டது' என்று. அடுத்து வருகிறவர் அங்கிருந்து தேடுவார். தெரிந்த ஒருவர் வந்து பெயரையே சொல்லலாம். 'நன்றி: கூகுள்' என்ற வரி அந்த வாசலையும் சாத்திவிடுகிறது, ஏதோ மூலம் காட்டியாகிவிட்டது போல.