வேதிச் சேர்மப் பெயர்களின் ஈறும் குற்றியலுகரமும்

தமிழில் வேதியியல் கலைச்சொல்லாக்கம் பற்றிய விவாதங்கள் பெரும்பாலும் பெயரின் முதற்பகுதியையே பற்றி நிற்கின்றன. சல்பர் என்பதா, கந்தகம் என்பதா. ஆக்சிஜன் என்பதா, உயிர்வளி என்பதா என்னும் வினாக்களே மிகுதி. ஆயின் சேர்மப் பெயரில் நுண்பொருளைத் தாங்குவது ஈறேயாகும். 1787இல் பிரான்சில் இலவாசியே உள்ளிட்ட நால்வர் வெளியிட்ட பெயரிடல் முறை, ஆக்சிஜன் மிகுந்த அமிலத்தின் உப்பையும் குறைந்த அமிலத்தின் உப்பையும் ஈற்றினாலேயே வேறுபடுத்தியது. அம்முறையின் உயிர்நிலை இதுவே.

சல்பைடில் ஆக்சிஜன் இல்லை. சல்பைட்டு அயனியில் ஆக்சிஜன் அணுக்கள் மூன்று. சல்பேட்டு அயனியில் நான்கு. முன்னைய இரண்டையும் தமிழில் பிரித்துக் காட்டுவது ஓர் ஒற்று மட்டுமே. சல்பைடு என்பது உயிர்த்தொடர்க் குற்றியலுகரம். சல்பைட்டு என்பது வன்தொடர்க் குற்றியலுகரம். தனித்த டகரம் மெலிந்தும் இரட்டித்த டகரம் வலிந்தும் ஒலிக்கும் தமிழியல்பு இவ்வேறுபாட்டைச் செவ்வனே காக்கிறது. வேற்றெழுத்தின் துணை இங்குத் தேவையில்லை.

இவ்வசதியைக் கைவிட்டு, மெய்யீறாகச் 'சல்பைட்' என்று எழுதும் வழக்கு இரு சேர்மங்களையும் ஒன்றாக்கிவிடுகிறது. நைட்ரைடு, நைட்ரைட்டு என்பவற்றிற்கும் இதே நிலைதான். இது வெறும் எழுத்துப்பிழையன்று. நீர்த்த அமிலத்தைச் சேர்த்தால் சோடியம் சல்பைடு நச்சுத்தன்மை மிக்க ஐதரசன் சல்பைடு வாயுவை வெளியிடும். சோடியம் சல்பைட்டோ கந்தக டைஆக்சைடைத் தரும்.

புணர்ச்சியில் மற்றொரு சிக்கல் எழுகிறது. கிணறு கிணற்றின் என்றும், நாடு நாட்டின் என்றும் டகர றகர ஒற்று இரட்டுவது நன்னூல் கூறும் விதி. பேச்சுவழக்கில் ரோடு என்னும் கடன்சொல்லும் ரோட்டில் என்றே திரிகிறது. இவ்விதிப்படி சல்பைடு வேற்றுமையுருபு ஏற்பின் 'சல்பைட்டின்' என்றாகும். சல்பைட்டு என்பதன் வடிவமும் அதுவே. எனவே இங்கு விதியைப் பின்பற்றுதலே மயக்கத்திற்கு வித்தாகிறது.

ஆகவே இருநெறிகள் வேண்டப்படுகின்றன. ஒன்று, இவ்வகைப் பெயர்களைக் குற்றியலுகர ஈற்றுடனேயே எழுதுதல். மற்றொன்று, 'டு' என முடியும் சேர்மப் பெயர்கள் உருபேற்கையில் இரட்டாமல் சல்பைடின், ஆக்சைடின் என நிற்பதை விதிவிலக்காக வெளிப்படக் கூறுதல். வேதியியலார் சொல்லைத் தருவர்; அச்சொல் தொடரில் திரியாது நிற்கும் வகையை வகுத்தல் இலக்கணம் கற்றோர் கடனாகும்.