'தீவா' ப்ளூ-ரே: முதலில் காதுக்கு, பிறகு கண்ணுக்கு

ஒரு பழைய படம் ப்ளூ-ரேயில் வந்தால் எல்லோரும் முதலில் படத்தைத்தான் சோதிக்கிறார்கள். கறுப்பு கறுப்பாகத் தெரிகிறதா, முகத்தில் தோல் தோலாக இருக்கிறதா, பழைய டிவிடியைவிடக் கூர்மையா என்று பார்த்து முடித்த பிறகுதான் ஒலிக்கு வருகிறார்கள். 'தீவா'வுக்கு அந்த வரிசை ஒத்துவராது. 1981இல் ழான்-ழாக் பெனெக்ஸ் இயக்கிய இந்த முதல் படம், ஒரு பெண்ணின் குரலைச் சுற்றிச் சுழலும் த்ரில்லர். அந்தக் குரல் உள்ளபடி வராவிட்டால், பாரிஸின் நீல இரவுகள் எத்தனை அழகாகத் தெரிந்தாலும் அந்த டிஸ்க்கை வாங்கச் சொல்ல எனக்கு மனம் வராது.

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: சிந்தியா ஹாக்கின்ஸ் ஓர் அமெரிக்க ஆப்பெரா பாடகி. தன் பாட்டை ஒலிப்பதிவு செய்ய யாரையும் அனுமதிக்காதவர். மொபெட்டில் தபால் கொண்டுபோகும் ஜூல் என்ற இளைஞன், அவருடைய கச்சேரிக்கு நாக்ரா ரெக்கார்டரை மறைத்து எடுத்துப்போய் முழுவதையும் பதிந்துவிடுகிறான். இது ஒரு நாடா. இன்னொரு நாடா, ஒரு போலீஸ் உயர் அதிகாரியின் குற்றங்களை அம்பலப்படுத்தும் கேசட். கொலையாளிகளுக்குப் பயந்து ஓடும் பெண் ஒருத்தி அதை ஜூலின் மொபெட் பையில் போட்டுவிட்டுச் செத்துப்போகிறாள். அதன்பிறகு பாடகியின் நாடாவைத் திருட்டு ரெக்கார்டாக விற்க நினைப்பவர்கள் ஒரு பக்கமும், கேசட்டைத் தேடும் கொலையாளிகள் மறுபக்கமும் அவனைத் துரத்துகிறார்கள். டெலகோர்ட்டா என்ற புனைபெயரில் டேனியல் ஓடியே எழுதிய நாவலிலிருந்து எடுத்த கதை இது.

கவனித்துப் பாருங்கள், படத்தில் முக்கியமான ஒவ்வொருவர் கையிலும் ஒலி சம்பந்தப்பட்ட ஏதோ ஒன்று இருக்கிறது. ஜூலிடம் நாக்ரா. இறந்துபோகும் பெண்ணிடம் கேசட். ஜூலுக்குத் தோழியாகும் ஆல்பா, இசைத்தட்டுக் கடையில் எல்பிகளைத் திருடுகிறவள். தொமினிக் பினோ நடித்த கொலைகாரனின் காதில் எப்போதும் ஓர் இயர்போன். அதில் அவன் என்ன கேட்டுக்கொண்டிருக்கிறான் என்பது கடைசியில்தான் தெரியும். பெனெக்ஸுக்கு வெறும் மேனாமினுக்கி, விளம்பரப் படம்போல எடுக்கிறவர் என்று அன்றைய பிரெஞ்சு விமர்சகர்களில் பலர் முத்திரை குத்தினார்கள். அவர்கள் கண்ணால் மட்டும் பார்த்துவிட்டுப் போனவர்கள் என்றுதான் நினைக்கிறேன். 1982இல் இந்தப் படத்துக்குக் கிடைத்த நான்கு சேஸார் (பிரெஞ்சுத் திரைப்பட) விருதுகளில் ஒளிப்பதிவு, இசை, சிறந்த முதல் படம் ஆகியவற்றோடு ஒலிக்கும் ஒன்று இருந்தது.

இப்போது டிஸ்க்குக்கு வருவோம். என் கையில் இருப்பது அமெரிக்கச் சந்தைக்காக வந்த ப்ளூ-ரே. இதில் எனக்குப் பெரிய ஆறுதல், படம் அதன் சொந்த வேகத்தில் ஓடுகிறது. சாதாரண விஷயமாகத் தோன்றலாம். ஆனால் இந்தப் படத்துக்கு இதைவிட முக்கியமானது எதுவுமில்லை.

சினிமா நொடிக்கு 24 ஃபிரேமில் ஓடுவது. ஐரோப்பாவிலும் இந்தியாவிலும் புழங்கிய பால் (PAL) முறை டிவிடி நொடிக்கு 25 ஃபிரேம். பெரும்பாலான நிறுவனங்கள் குறுக்குவழியாகப் படத்தையே சற்று வேகமாக ஓட்டிவிடும். அப்படிச் செய்தால் 117 நிமிடப் படம் சுமார் 112 நிமிடத்தில் முடிந்துவிடும். நேரம் குறைவது போகட்டும், ஒலியும் அதே வேகத்தில் ஓடுவதால் சுருதி ஏறுகிறது. கணக்குப்படி நான்கு சதவீதத்துக்குச் சற்று மேல். கச்சேரிப் பேச்சில் சொன்னால், அரைக் கட்டைக்குக் கொஞ்சம் குறைவாக ஏறிவிடும். துப்பாக்கிச் சத்தத்தில் இது யாருக்கும் தெரியாது. ஆனால் கட்டலானியின் 'லா வாலி' ஆப்பெராவிலிருந்து, சிந்தியாவாக நடிக்கும் வில்ஹெல்மினியா விக்கின்ஸ் ஃபெர்னாண்டஸ் பாடும் ஆரியாவில் (தனிப்பாடலில்) அரைக் கட்டை என்பது பாடகியையே மாற்றிவிடுகிற விஷயம். குரலின் கனம் குறைந்து, அது இளசாகவும் அவசரமாகவும் கேட்கும். நடிகைக்கு யாரோ பின்னணி பாடிய படமல்ல இது. உண்மையான சொப்ரானோவை நடிக்க வைத்து அவரையே பாடவும் வைத்தார்கள். சுருதி திருத்தாத டிவிடியில் மட்டும் கேட்டவர்கள் அவர் குரலை இன்னும் கேட்கவில்லை என்றே சொல்வேன். ஃபெர்னாண்டஸ் 2024இல் காலமானார். இனி அவர் குரல் இப்படிப்பட்ட பதிவுகளில்தான் நமக்குக் கிடைக்கும்.

ப்ளூ-ரேயில் 24 ஃபிரேமும் அப்படியே இருப்பதால் அந்தச் சிக்கல் இல்லை. ஒலித்தடமும் இழப்பில்லாத வகை. முதல் கச்சேரிக் காட்சியை அடக்கமான ஒலி அளவில் தொடங்குங்கள். மொபெட் சத்தம், அரங்கின் சலசலப்பு, பிறகு அமைதி. ஆரியா எழும்பும்போது ரிமோட்டைத் தேடிக் கை போகக்கூடாது. மெல்லிய இடம் மெல்லியதாகவே இருந்து, உச்சத்தில் அறை நிறைய வேண்டும். இந்த டிஸ்க்கில் அது நடக்கிறது. இடையில் பையினுள் நாக்ராவின் சக்கரங்கள் சுழல்வதைக் காட்டுவார்கள். அப்போதுதான் நாமும் திருட்டுக்கு உடந்தை என்பது உறைக்கும். பிறகு அதே பாட்டை ஜூல் தன் வீட்டில் போட்டுக் கேட்பான். அரங்கில் நேரில் கேட்டதற்கும் நாடாவிலிருந்து வருவதற்கும் உள்ள வித்தியாசம் நல்ல ஸ்பீக்கரில் பிடிபடுகிறது. டிவியின் சொந்த ஸ்பீக்கரில் பிடிபடவில்லை. சரவுண்ட் எல்லாம் தேவையில்லை, தரமான இரண்டு ஸ்பீக்கர் போதும். சவுண்ட்பாரில் நைட் மோட், ஆட்டோ வால்யூம் இருந்தால் அணைத்துவிடுங்கள். அவை உச்சத்தைத் தட்டி மெல்லியதைத் தூக்கிவிடும், ஆரியா தட்டையாகிவிடும்.

இனி படம். ஒளிப்பதிவாளர் ஃபிலிப் ரூஸ்லோ, பிற்பாடு 'எ ரிவர் ரன்ஸ் த்ரூ இட்' படத்துக்கு ஆஸ்கர் வாங்கியவர். கலை இயக்குநர் ஹில்டன் மெக்கானிக்கோ. இருவரும் சேர்ந்து கட்டிய உலகத்தில் நீலம்தான் ராஜா. கொரோதிஷ் என்ற மர்ம மனிதர் குடியிருக்கும் பரந்த கூடத்தில் நடுவே குளியல் தொட்டி, தரையில் பெரிய ஜிக்சா புதிர், ஆல்பா ரோலர் ஸ்கேட்டில் சுற்றிச் சுற்றி வருகிறாள். அந்தக் கூடத்தின் மங்கலான நீலம் சரிவுச் சரிவாக இருளில் கரைவதில்தான் ஒரு டிஸ்க்கின் யோக்கியதை தெரியும். இணையத்தில் அழுத்திச் சுருக்கி ஓடும் படங்களில் இப்படிப்பட்ட இடங்கள் படிப்படியான பட்டைகளாக உடைவது வழக்கம். இங்கே ஃபிலிமின் கிரெய்ன் (துகள்தன்மை) அப்படியே இருக்கிறது, முகங்களை மெழுகாக்கவில்லை. இரவுக் காட்சிகள் சிலவற்றில் கறுப்பு கொஞ்சம் அதிகமாக அடைத்துக்கொள்கிறது, கோட்டின் மடிப்புகள் காணாமல் போகின்றன. அதை ஒரு குறையாகவே பதிவுசெய்கிறேன்.

கச்சேரி எடுத்த இடம் பாரிஸின் பூஃப் து நோர் அரங்கம். பாழடைந்து கிடந்த அதை 1974இல் நாடக இயக்குநர் பீட்டர் புரூக் சுவர்களின் காயங்களை மறைக்காமல் திறந்தார். அவருடைய 'மகாபாரதம்' நாடகமும் பின்னாளில் இங்கே நடந்தது. சிந்தியாவின் கவுன் ஒருபுறம் மின்ன, பின்னால் சுண்ணாம்பு உரிந்த அந்தச் சுவர் ஒவ்வொரு கறையோடும் நிற்கிறது. டிவிடியில் வெறும் பழுப்பாகத் தெரிந்த இடம் இது.

படத்தின் அகல விகிதம் 1.66. அகன்ற டிவியில் இடமும் வலமும் மெல்லிய கறுப்புப் பட்டை வரும், அது சரியானதுதான். ஜூம் செய்து நிரப்பினால் மேலும் கீழும் வெட்டுப்படும். டிவியில் ஃபிலிம்மேக்கர் மோட் இருந்தால் அதில் வையுங்கள். விவிட் மோடில் ரூஸ்லோவின் நீலம் ஜவுளிக்கடை விளக்கு மாதிரி ஆகிவிடுகிறது. அசைவை மென்மையாக்கும் வசதியையும் அணைக்க வேண்டும். மொபெட்டிலேயே மெட்ரோ ரயில் நிலையத்துக்குள் புகுந்து படியிறங்கும் அந்தத் துரத்தலில் ஒவ்வொரு குலுக்கலும் தேவை. அந்த வசதி ஓடிக்கொண்டிருந்தால் காட்சி டிவி சீரியலைப் போல வழுக்கிக்கொண்டு போகும், ஆபத்தே தெரியாது.

கூடுதல் சமாச்சாரங்களில் பெனெக்ஸ் சில காட்சிகளுக்கு மட்டும் பேசும் விளக்கத் தடத்தைத் தவறவிடாதீர்கள். 2022இல் மறைந்தவர், தன் முதல் படத்தைப் பற்றித் தானே சொல்வதைக் கேட்க முடிகிறது. கூடப் பணியாற்றியவர்களின் பேட்டிகளும் உண்டு. அவற்றை ஒரே மூச்சில் பார்த்தால் சொன்னதையே திரும்பக் கேட்பது போலிருக்கும், அவ்வப்போது ஒன்று பாருங்கள். தமிழ் சப்டைட்டில் இல்லை, ஆங்கிலம்தான். வசனம் குறைவு என்பதால் பெரிய சிரமம் இல்லை. ஜூலும் சிந்தியாவும் விடியற்காலை பாரிஸில் நடக்கும் நீண்ட காட்சியில் இசையமைப்பாளர் விளாதிமிர் கோஸ்மாவின் பியானோ இசை மட்டுமே பேசுகிறது.

வாங்குவதற்கு முன் டிஸ்க் எந்த மண்டலத்துக்கானது என்று பாருங்கள். அமெரிக்க டிஸ்க் ஏ மண்டலம், ஐரோப்பிய டிஸ்க் பி மண்டலம். இந்தியாவும் இலங்கையும் சி. எல்லா மண்டலமும் ஓடும் பிளேயர் இல்லாவிட்டால் காசு கொடுத்து வாங்கிய டிஸ்க் அலமாரியில் கிடக்கும். கனடா, அமெரிக்காவில் உள்ளவர்களுக்கு ஏ மண்டலம் நேரடியாக ஓடும், லண்டன், பாரிஸ்காரர்கள் பி மண்டலத்தைத் தேடலாம். எங்கிருந்து வாங்கினாலும் பின்னட்டையில் ஓடும் நேரத்தைப் பாருங்கள். 112 நிமிடம் என்று போட்டிருந்தால் திரும்ப வைத்துவிடுங்கள்.