எல்டர் ஸ்க்ரோல்ஸ் ஆட்ட வரிசை: புதியவர் எங்கிருந்து தொடங்கலாம்?

எல்டர் ஸ்க்ரோல்ஸ் என்பது அமெரிக்காவின் பெதஸ்டா நிறுவனம் 1994 முதல் வெளியிட்டு வரும் கணினி விளையாட்டு வரிசை. ஆட்டக்காரர் ஒரு பாத்திரத்தை ஏற்று, டாம்ரியல் என்னும் கற்பனைக் கண்டத்தில் தம் விருப்பப்படி அலைந்து திரியலாம். அரீனா (1994), டேகர்ஃபால் (1996), மோரோவிண்ட் (2002), ஒப்ளிவியன் (2006), ஸ்கைரிம் (2011) ஆகிய ஐந்தும் முதன்மை ஆட்டங்கள். இணையத்தில் பலர் சேர்ந்து ஆடும் எல்டர் ஸ்க்ரோல்ஸ் ஆன்லைன் வேறு வகையானது. அது இக்கட்டுரையில் இடம்பெறவில்லை.

வாரத்தில் இரண்டொரு மாலைகள் மட்டும் ஆட நேரம் உள்ளவர், ஐந்தையும் வரிசைப்படி ஆடித் தீர்க்க வேண்டும் என்று நினைத்தால் முதல் ஆட்டத்திலேயே சலித்துப்போவார். அதற்குத் தேவையும் இல்லை. ஒவ்வோர் ஆட்டத்துக்கும் கதை வேறு, கதைத்தலைவர் வேறு. ஒப்ளிவியனுக்கும் ஸ்கைரிமுக்கும் இடையே கதைப்படி இருநூறு ஆண்டுகள் கடந்துவிடுகின்றன. அரீனாவையும் டேகர்ஃபாலையும் இன்று வரலாற்று ஆர்வலர் மட்டும் தொட்டால் போதும்.

ஸ்கைரிமில் தொடங்குங்கள் என்பதே பொதுவாகச் சொல்லப்படும் அறிவுரை. அது சரியானதுதான், ஆனால் அதற்குச் சொல்லப்படும் காரணம் பெரும்பாலும் பொருந்துவதில்லை. காட்சி அழகு முக்கியக் காரணம் அன்று. தெரியாத ஒன்றைப் பற்றி முன்கூட்டியே முடிவெடுக்கும்படி ஸ்கைரிம் யாரையும் கட்டாயப்படுத்துவதில்லை என்பதே உண்மையான காரணம். மோரோவிண்டில் கப்பலிலிருந்து இறங்கியதும், எந்தத் தொழில், எந்தத் திறன்கள் முதன்மை என்று சொல்லியாக வேண்டும். ஒரு வாள்வீச்சுகூடப் பார்க்காதவர் எதைத் தேர்ந்தெடுப்பார்? ஸ்கைரிமில் இனத்தையும் முகத்தையும் மட்டும் தேர்ந்தால் போதும். வாள் வீசினால் வாள்திறன் வளரும், பதுங்கினால் பதுங்கும் திறன் வளரும். செய்வதன் மூலம் கற்பது என்று ஆசிரியர் பயிற்சியில் சொல்லப்படும் முறை இதுவே.

ஆயினும் ஸ்கைரிமுக்குப் பெரிய குறை ஒன்று உண்டு. திரையின் மேலே உள்ள திசைகாட்டியில், போக வேண்டிய இடத்தை ஒரு குறி எப்போதும் காட்டிக்கொண்டிருக்கும். கண் அதன் மேலேயே இருப்பதால், எதிரே நிற்பவர் பேசுவது காதில் ஏறுவதில்லை. குறியை அணைத்துவிட்டு ஆடலாம் என்று சிலர் சொல்வர். அது எல்லா இடத்திலும் நடவாது. பல பணிகளில் பொருள் எங்கே இருக்கிறது என்பதை உரையாடலும் சொல்லாது, குறிப்பேடும் சொல்லாது. குறியை நம்பியே அவை எழுதப்பட்டுள்ளன. ஆகவே குறி இருக்கட்டும், வரைபடத்தைத் தொட்டு நொடியில் இடம் மாறும் வசதியை மட்டும் முதல் சில வாரங்கள் ஒதுக்கிவைப்பது நல்லது. தொலைவான ஊர்களுக்கு, நகரவாயில் லாயத்தருகே நிற்கும் குதிரைவண்டியில் சில பொற்காசு கொடுத்துப் போகலாம். மற்ற இடங்களுக்கு நடக்கலாம். இந்த ஆட்டத்தின் சிறப்பு, போகும் இடத்தைவிட வழியில் எதிர்ப்படும் குகையிலும் பாழடைந்த கோட்டையிலும்தான் அதிகம்.

நேரம் குறைந்தவர் தெரிந்துகொள்ள வேண்டிய இன்னொன்று உண்டு. விடுதிக்காரர் தரும் கொள்ளையர் வேட்டை போன்ற சிறு பணிகளை ஆட்டமே புதிது புதிதாக உருவாக்கிக்கொண்டிருக்கும். அவற்றுக்கு முடிவே கிடையாது. பட்டியலைக் காலி செய்ய முனைபவர் மாதக்கணக்கில் ஒரே வேலையைச் செய்துகொண்டிருப்பார். பேரரசுக்கும் கிளர்ச்சியாளருக்கும் நடக்கும் போரில் பக்கம் சேர அவசரமும் இல்லை. கடினநிலையை இடையில் எப்போது வேண்டுமானாலும் குறைத்துக்கொள்ளலாம், அதில் இழுக்கு ஒன்றுமில்லை. இவ்வரிசை ஆட்டங்கள் பிழைகளுக்குப் பேர்போனவை என்பதால், தானியங்கிச் சேமிப்பை மட்டும் நம்பாமல் தனித்தனியாகவும் சேமித்து வைக்க வேண்டும். மாணவர்களின் பெற்றோர் கவனத்துக்கு: தலை துண்டிக்கும் காட்சிகள் கொண்ட ஸ்கைரிமை, அமெரிக்கத் தரப்பிரிவு 17 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு உரியதாக வகைப்படுத்தியுள்ளது.

ஸ்கைரிமுக்குப் பின் மோரோவிண்டுக்குப் போகலாம். அங்கே குறி கிடையாது. பாலம் தாண்டி இடப்புறம் திரும்பு என்பது போல ஊரார் வழி சொல்வர், அதைப் படித்து நடக்க வேண்டும். சொன்ன வழி சில வேளை தவறாகவும் இருக்கும். உரையாடலில் பெரும்பகுதி எழுத்து வடிவில்தான் உள்ளது. வாசிக்க அலுப்புப்படுபவருக்கு இது ஏற்றதல்ல. சண்டையும் முதலில் எரிச்சலூட்டும். வாள் எதிரியின் உடலில் பட்டது போலத் தெரியும், ஆனால் காயம் இராது. அடி விழுமா என்பதைத் திறனும் களைப்பும் கலந்த ஒரு கணக்கு முடிவு செய்கிறது. ஓடிக் களைத்தவரின் வீச்சு பெரும்பாலும் வீணாகும். சண்டைக்கு நடந்தே போவதும், கையில் உள்ள ஆயுதத்துக்குரிய திறனையே முதன்மையாகத் தேர்வதும் பாதித் தொல்லையைத் தீர்க்கும்.

இந்தத் தொல்லையைப் பொறுத்துக்கொள்பவருக்குக் கிடைப்பது என்ன? தொடக்க ஊரான சைடா நீனை விட்டுச் சற்றுத் தொலைவு நடந்தால், வானிலிருந்து ஒரு மந்திரவாதி அலறியபடி விழுந்து சாவான். அவனிடம் தாவும் ஆற்றலைப் பெருக்கும் மந்திரச் சுருள்கள் இருக்கும். ஒன்றைப் படித்துக் குதிப்பவர் தீவையே தாண்டுவது போலப் பறந்து, இறங்கும்போது அவனைப் போலவே சாவார். தரை தொடும் முன் இரண்டாவது சுருளைப் படிப்பவர் பிழைப்பார். ஆட்டம் எச்சரிக்கவும் இல்லை, தடுக்கவும் இல்லை. கதைக்கு இன்றியமையாத ஒருவரைக் கொன்றாலும், விதியின் இழை அறுந்தது என்று அறிவித்துவிட்டுத் தொடர விடும். ஸ்கைரிமிலோ அத்தகையவர்களில் பலரைக் கொல்லவே முடியாது.

ஒப்ளிவியன் இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. ஆட்டக்காரர் வலுப்பெறப் பெற வழிப்பறிக் கொள்ளையரும் விலையுயர்ந்த கவசம் அணிந்து வருவது அதன் பழைய கோளாறு. பாத்திரத்தை வளர்க்கும் சிக்கலான முறையை 2025இல் வந்த மறுபதிப்பு ஓரளவு சீர்செய்துள்ளது. மோரோவிண்டுக்கு மனம் துணியாதவர் இதை ஆடலாம்.

ஸ்கைரிமின் விரிவான டிராகன்பார்னையும் (2012) ஆடிவிட்டு மோரோவிண்டுக்குப் போவது நல்லது. அதில் சோல்ஸ்தைம் தீவில் சாம்பல் படிந்து நொடித்துப்போன ரேவன் ராக் என்னும் ஊர் வருகிறது. மோரோவிண்டின் பிளட்மூன் விரிவில் (2003) அதே ஊரைச் சுரங்கக் குடியிருப்பாகத் தொடங்கி வைப்பதில் ஆட்டக்காரருக்கே பங்கு உண்டு.