சத்தம் போடாத வால்வு

கார் பந்தயப் படங்களில் ஒரு சம்பிரதாயம் உண்டு. ஹீரோ பின்தங்குவார். கண்ணைச் சுருக்குவார். குளோசப்பில் அவர் ஷூ ஆக்ஸிலரேட்டரை இன்னும் ஓர் அங்குலம் அழுத்தும். உடனே கார் பாய்ந்து முன்னால் இருப்பவனைத் தாண்டும். அதுவரை உயிரைக் கொடுத்து ஓட்டிக்கொண்டிருந்த ஆசாமி அந்த ஓர் அங்குலத்தை மட்டும் எதற்காகச் சேமித்து வைத்திருந்தார் என்று யாரும் கேட்பதில்லை.

ஜேம்ஸ் மான்கோல்ட் இயக்கி 2019-ல் வந்த ‘ஃபோர்ட் வெர்சஸ் ஃபெராரி’ இந்த ஜாதியில் மேலான படம்தான். பிரான்சில் நடக்கும் லீ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தில், 1966-ல் ஃபோர்டு கம்பெனி ஃபெராரியைத் தோற்கடித்த கதை. கரோல் ஷெல்பியாக மேட் டேமன், கென் மைல்ஸாகக் கிறிஸ்டியன் பேல். பேல் ஸ்பானரைப் பிடிக்கிற விதத்திலேயே நம்மை நம்ப வைத்துவிடுகிறார். மூடாத கார் கதவைச் சுத்தியலால் ஒரு தட்டு தட்டிச் சரிபண்ணுவது, பந்தயத்தின் நடுவே பிரேக்கை மாற்றுவது என்று மெக்கானிக்குகளுக்கும் இடம் தந்திருக்கிறார்கள். படத்தொகுப்புக்கும் ஒலித்தொகுப்புக்கும் ஆஸ்கர் கிடைத்தது. இரண்டுக்கும் தகும்.

என் புகாரெல்லாம் படத்தின் நடுநாயகமான ஓர் எண்ணைப் பற்றித்தான். 7000. எஞ்சின் நிமிஷத்துக்கு 7000 சுற்றைத் தொடும்போது எல்லாம் மங்கி, மெஷினே கனம் இழந்து மறைந்துவிடும் என்பது ஷெல்பியின் குரலில் வரும் தத்துவம். டேடோனா பந்தயத்தில் இதே 7000-ஐ ஒரு பலகையில் எழுதி மைல்ஸுக்குக் காட்டி உசுப்பேற்றுகிறார்கள். தியேட்டரில் கேட்கப் புல்லரிக்கிறது. எஞ்சினைக் கேட்டால் வேறு கதை சொல்லும்.

எஞ்சின் சுவாசிப்பது வால்வுகள் வழியாக. பெட்ரோல் கலந்த காற்று உள்ளே வர ஒன்று, எரிந்த புகை வெளியே போக ஒன்று. எஞ்சின் இரண்டு சுற்று சுற்றினால் ஒவ்வொரு வால்வும் ஒரு முறை திறந்து மூடும். 7000 சுற்றில் கணக்குப் போட்டால் ஒரு செகண்டுக்கு 58 தடவை. மெஷின் மறைவதாவது! அப்போதுதான் அது முழு மூச்சாக வேலை செய்துகொண்டிருக்கிறது.

இந்த வால்வுக்கும் அதைத் தள்ளுகிற பாகத்துக்கும் நடுவே வேண்டுமென்றே ஒரு பொடி இடைவெளி விடுகிறார்கள். காரணம், உலோகம் சூடானால் நீளும். நீளுவதற்கு இடம் வேண்டும். நம் ஊர் மெக்கானிக்குகள் ‘டேப்பட் செட்டிங்’ என்பது இதைத்தான். 1999-லிருந்து 2009 வரை தயாரான ஹோண்டா எஸ்2000 என்ற ஸ்போர்ட்ஸ் காரின் எஞ்சின் 9000 சுற்று வரை போகும். அதில் காற்று உள்ளே வரும் வால்வுக்கான இடைவெளி 0.21-லிருந்து 0.25 மில்லிமீட்டர் வரை. புகை போகும் வால்வுக்கு 0.25-லிருந்து 0.29. அதாவது, ஒரு விசிட்டிங் கார்டின் கனம். எஞ்சின் நன்றாக ஆறின பிறகு ஃபீலர் கேஜ் என்கிற மெல்லிய தகட்டை அந்தச் சந்தில் விட்டு இழுத்துப் பார்க்க வேண்டும். தொளதொளவென்றும் வரக்கூடாது, முரண்டும் பிடிக்கக்கூடாது. லேசாக ஒரு பிடி இருக்க வேண்டும். அந்தப் பிடி எவ்வளவு என்பது கைக்குத்தான் தெரியும்.

இடைவெளி அதிகமானால் வால்வு லேட்டாகத் திறந்து சீக்கிரம் மூடும். சக்தி குறையும். டக் டக்கென்று சத்தம் வரும். ஓனர் பதறிப்போய் ஒர்க்‌ஷாப்புக்கு ஓடுவார். பிழைத்தது எஞ்சின்.

இடைவெளி குறைந்தால்? சத்தமே வராது. சொல்லப்போனால் எஞ்சின் முன்னைவிட அமைதியாக ஓடும். ஓனருக்குப் பரம சந்தோஷம். உள்ளே, சூட்டில் நீண்ட வால்வு தன் இருக்கையில் முழுசாக உட்கார முடியாமல் தவிக்கும். புகை போகும் வால்வு நெருப்பிலேயே வாழ்கிறது. இருக்கையில் உட்காரும் அந்த நொடித்துணுக்கில்தான் தன் சூட்டைப் பெரும்பாலும் இறக்கி வைக்கிறது. அதற்கு வழியில்லை என்றால் விளிம்பு கருகி, ஒரு நாள் எரிந்தே போகும். ஓட ஓட வால்வும் இருக்கையும் தேய்ந்து, பல எஞ்சின்களில் இந்த இடைவெளி தானாகவே குறைந்துகொண்டு வரும் என்பதுதான் வில்லங்கம். லேசான டிக் டிக் கேட்டால் பழைய மெக்கானிக்குகள் அலட்டிக்கொள்ள மாட்டார்கள். அது நின்றுபோனால்தான் ஃபீலர் கேஜைத் தேடுவார்கள்.

ஒலிக்கு ஆஸ்கர் வாங்கிய படத்துக்குக் கேட்காமல் போனது இந்த நிசப்தம்தான்.

சரித்திரமும் படத்தின் 7000-க்கு ஒத்துழைக்கவில்லை. 1964, 1965 இரண்டு வருஷமும் லீ மான்ஸில் மிக வேகமான சுற்றை ஓட்டியவர் ஃபோர்டு காரில் வந்த ஃபில் ஹில். ஆனால் அந்த இரண்டு வருஷமும் ஒரு ஃபோர்டு ஜிடி40 கூடப் பந்தயத்தை முடிக்கவில்லை. ஆக, பஞ்சம் வேகத்துக்கோ துணிச்சலுக்கோ இல்லை. 24 மணி நேரம் உடையாமல் ஓடவேண்டும், அவ்வளவுதான். 1966-ல் ஓடிய 7 லிட்டர் வி8 எஞ்சின் தன் உச்ச சக்தியைத் தந்தது 6200 சுற்று வாக்கில். அலறாமல் பலத்தைக் கொடுக்கிற பெரிய எஞ்சின். அதை டெஸ்ட் பெஞ்சில் ஏற்றி, லீ மான்ஸில் ஓடுவது போலவே ஏற்றி இறக்கி மணிக்கணக்கில் வதைத்துப் பார்த்தார்கள். அப்படியும் போன 8 கார்களில் 5 பாதியில் நின்றன. மிச்சம் மூன்றும் முதல் மூன்று இடம். ஜெயித்த கார் ஓடியது 360 சுற்று, 4843 கிலோமீட்டர். சராசரியாக 5000 சுற்று என்று வைத்துக்கொண்டாலும் ஒவ்வொரு வால்வும் 36 லட்சம் தடவை திறந்து மூடியிருக்கும்.

கென் மைல்ஸின் நிஜமான பெருமையும் இங்கேதான் இருக்கிறது. எது உடையும் என்று பந்தயத்துக்கு முன்பே ஓட்டிக் கண்டுபிடிப்பது அவர் தொழில். 1966 ஆகஸ்டில் அவர் உயிர் போனதும் ஒரு சோதனை ஓட்டத்தில்தான். அந்த முடிவை நேர்மையாகக் காட்டுகிற படம், அந்தத் தொழிலை மட்டும் ‘மெஷின் மறைகிறது’ என்ற கவிதைக்குப் பின்னால் ஒளித்துவிட்டது.

இது சினிமாவோடு போகிற சமாச்சாரம் இல்லை. இன்று பல கார்களில் ஆயில் அழுத்தமே இந்த இடைவெளியைப் பார்த்துக்கொள்கிறது. ஆனால் அதிகம் சுற்றுகிற எஞ்சின்களில் அந்த ஏற்பாட்டை நம்ப முடியாமல், கையால் சரிபார்க்கும் பழைய முறையையே வைத்துக்கொண்டார்கள். 2000-லிருந்து 2006 வரை வந்த பிஎம்டபிள்யூ எம்3 அப்படி ஒன்று. 8000 சுற்று. குறித்த காலத்தில் மூடியைக் கழற்றி வால்வுகளை அளந்தாக வேண்டும். இந்த மாதிரிக் காரைப் பழசாக வாங்குகிறவர்கள் எத்தனை குதிரைசக்தி என்று கேட்பார்கள், உறுமலை ஒரு தரம் கேட்டு ரசிப்பார்கள். கடைசியாக எப்போது வால்வு பார்த்தீர்கள் என்று கேட்கிறவர் அபூர்வம். ‘நல்லாத்தானே ஓடுது, எதுக்குப் பிரிக்கணும்?’ என்பது உலகப் பொது வசனம். காசு கொடுத்துப் பிரித்துப் பார்த்து, ‘ஒண்ணும் இல்லை சார், எல்லாம் சரியா இருக்கு’ என்று கேட்க யாருக்கும் மனசு வருவதில்லை. ஒழுங்காகப் பராமரித்தவனுக்குக் கிடைக்கும் ஒரே பலன், எதுவும் நடக்காமல் இருப்பது. அதற்கு யார் கைதட்டுவார்கள்?

சினிமா தட்டவைக்கலாம். பந்தயத்தன்று விடிகாலை. ஆறிப்போன எஞ்சின். ஒருத்தர் அதைக் கையால் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றி, ஒவ்வொரு வால்வாகத் தகட்டை விட்டு இழுத்துப் பார்க்கிறார். ஒன்றில் மட்டும் தகடு போகவில்லை. ஷூ குளோசப்பைவிட இதில் சஸ்பென்ஸ் அதிகம். பின்னணி இசைகூட வேண்டாம்.