குற்றம் யாருடையது, செலவு யாருடையது?

1996 ஆகஸ்டு கடைசியில் சென்னை எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. 29-வது வாரம், எடை 1,250 கிராம். இன்குபேட்டரில் இருந்து பிழைத்து வீடு வந்து சேர்ந்தது. குறைமாதக் குழந்தைகளின் விழித்திரையில் ரத்தநாளங்கள் தாறுமாறாக வளர்வதுண்டு. பிறந்து மூன்று, நான்கு வாரங்களில் கண் மருத்துவர் ஒருமுறை பார்த்தால் அதைக் கண்டுபிடித்துவிடலாம். உரிய நேரத்தில் சிகிச்சை தந்தால் பார்வையைப் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். அந்தச் சோதனை நடக்கவில்லை. அப்படி ஒன்று தேவை என்று பெற்றோருக்குச் சொல்லப்படவும் இல்லை. குழந்தைக்குப் பார்வை போனது. 2009-ல் தேசிய நுகர்வோர் ஆணையம் 5 லட்சம் ரூபாய் தரச் சொன்னது. 2015 ஜூலை 1 அன்று உச்ச நீதிமன்றம் அதை ஏறத்தாழ 1.8 கோடியாக உயர்த்தியது. அப்போது அந்தப் பெண்ணுக்கு வயது பத்தொன்பதை நெருங்கியிருந்தது.

பிரசவத்திலோ அதை ஒட்டிய நாட்களிலோ குழந்தைக்கு நேரும் பாதிப்புக்காக வழக்குத் தொடுப்பதன் பெருமையும் சிறுமையும் இந்த ஒரு வழக்கிலேயே சேர்ந்து கிடக்கின்றன.

பெருமையை முதலில் சொல்லிவிட வேண்டும். 5 லட்சம் 1.8 கோடியானதற்குக் காரணம் கணக்குப் போட்ட விதம். இதுவரை ஆன செலவு எவ்வளவு, இனி ஆயுள் முழுக்க ஆகப்போவது எவ்வளவு, விலைவாசி ஏற ஏற அந்தப் பணத்தின் மதிப்பு என்னவாகும் என்று நீதிமன்றம் உட்கார்ந்து கணக்கிட்டது. 2020-ல் சாலை விபத்தில் மூளை பாதிக்கப்பட்ட ஒரு சிறுமியின் வழக்கில் அதே நீதிமன்றம் இன்னொரு படி ஏறியது. இரவும் பகலும் கூடவே இருந்து பார்த்துக்கொள்ள ஓராள் போதாது, இருவர் வேண்டும் என்று ஏற்று, அவர்களுக்கான கூலியையும் இழப்பீட்டில் சேர்த்தது. அதற்கு முன்பே, 1998-ல் ஸ்பிரிங் மெடோஸ் மருத்துவமனை வழக்கில், தவறான ஊசியால் மூளை பாதிக்கப்பட்ட குழந்தைக்கு மட்டுமின்றி அதன் பெற்றோருக்கும் தனியாக இழப்பீடு உண்டு என்று தீர்ப்பானது. நம் வீடுகளில் இப்படியொரு பிள்ளையை அம்மாவோ பாட்டியோ தூக்கிச் சுமப்பதை யாரும் வேலை என்று எண்ணுவதில்லை. தாய்ப்பாசம் என்று ஒரு சொல்லில் முடித்துவிடுவோம். அந்தச் சுமைக்கு ரூபாயில் ஒரு மதிப்பு உண்டு என்று இந்நாட்டில் எழுத்தில் ஒப்புக்கொண்டது நீதிமன்றம். இதை நான் சிறிய செய்தியாக நினைக்கவில்லை.

இரண்டாவது நன்மை, பதில். இத்தகைய பெற்றோரில் பலர் முதலில் கேட்பது பணமில்லை. "என்ன நடந்துச்சுன்னு மட்டும் சொல்லச் சொல்லுங்க" என்பார்கள். "கொடி சுத்திக்கிச்சு", "புள்ள தண்ணி குடிச்சிருச்சு", "பொறந்ததும் அழல" என்ற மூன்று வாக்கியங்களோடு அவர்கள் வீட்டுக்கு அனுப்பப்படுகிறார்கள். எத்தனை மணிக்குப் பனிக்குடம் உடைந்தது, இதயத்துடிப்பு எப்போது குறைந்தது, அறுவைக்கு முடிவெடுத்தது எப்போது, கத்தி பட்டது எப்போது என்ற விவரமெல்லாம் கேஸ் ஷீட்டில் இருக்கிறது. நோயாளி தரப்பு கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தர வேண்டும் என்பது 2002-ம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதி. கேட்டதும் கிடைப்பது அரிது. வக்கீல் நோட்டீஸ் போன பிறகே அலமாரி திறக்கிறது.

வாசலும் எளிதாகத்தான் இருக்கிறது. 1995-ல் இந்திய மருத்துவச் சங்கம் தொடர்ந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் கட்டணம் பெறும் மருத்துவ சேவையை நுகர்வோர் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. 2019-ல் வந்த புதிய சட்டம் மருத்துவத்தைப் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை என்று எழுந்த வாதமும் 2022-ல் அடிபட்டுப் போனது. எந்த ஆணையம் விசாரிக்கும் என்பதை இப்போது கேட்கும் இழப்பீடு தீர்மானிப்பதில்லை. மருத்துவமனைக்குக் கட்டிய பணமே தீர்மானிக்கிறது. ஆகவே கோடி ரூபாய் கேட்கும் பிரசவ வழக்கும் அநேகமாக மாவட்ட ஆணையத்துக்கே வரும். 5 லட்சம் வரை கட்டிய சேவைக்கு மனுக் கட்டணமும் கிடையாது. திருவண்ணாமலைக்காரர் டெல்லிக்கு ஓட வேண்டியதில்லை.

வாசலைத் தாண்டியதும் வருவது நிரூபணம். இங்கேதான் பெரும்பாலான குடும்பங்கள் தடுக்கி விழுகின்றன, காரணம் சட்டத்தின் கொடுமை மட்டுமன்று. மூளை முடக்குவாதம் வந்த குழந்தைகள் எல்லோருக்கும் பிரசவத்தில்தான் அது நேர்ந்தது என்று பொதுவாக நம்புகிறோம். மருத்துவ ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை. வசதியான நாடுகளில் பிரசவ நேரத்து மூச்சுத்திணறலால் வருவது அந்நோயில் ஒரு சிறு பங்குதான். கருவில் இருக்கும்போதே வந்த தொற்று, குறைமாதம், நச்சுக்கொடியின் கோளாறு, மரபணு என மற்றக் காரணங்களே அதிகம். அப்கார் மதிப்பெண் குழந்தை பிறந்த நிமிடத்தில் எப்படி இருந்தது என்று சொல்லுமே தவிர ஏன் அப்படி இருந்தது என்று சொல்லாது. இதயத்துடிப்பை வரையும் சி.டி.ஜி. தாளை இரண்டு நிபுணர்கள் இரண்டு விதமாக வாசிப்பதுண்டு. தொப்புள்கொடி ரத்தத்தின் அமிலத்தன்மையை உடனே சோதித்தால் ஓரளவு தெளிவு வரும். ஆனால் நம் பிரசவ அறைகள் பலவற்றில் அது வழக்கமில்லை. பிரசவம் எப்படி முன்னேறியது என்று மணிக்கு மணி குறிக்க வேண்டிய பார்ட்டோகிராப், எல்லாம் முடிந்த பிறகு ஒரே பேனாவால் நிரப்பப்படுவதும் உண்டு என்பது பிரசவ அறையில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும்.

இதற்கு மேல் சட்டம் ஓர் அளவுகோலை வைத்திருக்கிறது. 1957-ல் இங்கிலாந்தில் போலம் வழக்கில் பிறந்து இங்கும் வேரூன்றிய விதி அது. பொறுப்புள்ள மருத்துவர்களில் ஒரு சாரார் அப்படிச் செய்வது வழக்கம் என்றால் அது கவனக்குறைவு ஆகாது. அதை உடைக்க இன்னொரு மருத்துவர் வந்து சாட்சி சொல்ல வேண்டும். சக மருத்துவருக்கு எதிராகக் கூண்டேற எத்தனை பேர் முன்வருவார்கள்? தவறு வெளிப்படையாகக் கண்ணுக்குத் தெரியும்போதும் ஆவணங்கள் மறைக்கப்படும்போதும் நீதிமன்றங்கள் சுமையை மருத்துவமனை பக்கம் திருப்பியிருக்கின்றன. எழும்பூர் வழக்கு ஜெயித்ததற்கும் ஒரு தெளிவான விடுபடல் இருந்தது காரணம்: செய்ய வேண்டிய சோதனை செய்யப்படவில்லை. அத்தனை தெளிவு எல்லாப் பிரசவத்திலும் கிடைக்காது.

என் மனத்தை உண்மையில் உறுத்துவது இதற்கு அடுத்த கட்டம். ஏதாவது ஒரு பிசியோதெரபி கூடத்தில் இரண்டு குழந்தைகள் அருகருகே படுத்திருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு குழந்தையின் தாய்க்கு நச்சுக்கொடி திடீரெனப் பிரிந்தது. யார் இருந்திருந்தாலும் தடுத்திருக்க முடியாது. இன்னொரு குழந்தையின் தாய்க்கு அறுவை செய்ய வேண்டியவர் வருவதற்குத் தாமதமானது. இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரே விறைத்த கால்கள், ஒரே வலிப்பு மாத்திரை, சோறு ஊட்ட ஒரே ஒரு மணி நேரம். ஒருவருக்கு நீதிமன்றம் அரைக் கோடி கொடுக்கலாம். மற்றவருக்குச் சல்லிக்காசு கிடையாது. இழப்பீட்டுச் சட்டம் தவறுக்கு விலை போடுகிறது. தேவைக்கு விலை போட அதற்கு வழி தெரியாது. தவறு செய்தவர் பதில் சொல்ல வேண்டும் என்பது நியாயம். குழந்தையின் சக்கர நாற்காலி அந்த விசாரணையின் முடிவுக்காகக் காத்திருக்க வேண்டும் என்பதில் எந்த நியாயமும் இல்லை.

காத்திருப்பும் கொஞ்ச நஞ்சமில்லை. நோட்டீஸ் சேர்ந்த நாளிலிருந்து மூன்று மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று நுகர்வோர் சட்டம் சொல்கிறது. நடப்பது வருடக் கணக்கு. பிறந்து முதல் இரண்டு, மூன்று ஆண்டுகளில் மூளை எவ்வளவோ வளைந்து கொடுக்கும். அப்போது கிடைக்கும் பயிற்சிதான் மிகவும் பலன் தரும். பணம் வருவதோ பள்ளிப் பருவமும் முடியும் தறுவாயில். வந்ததையும் தேசிய வங்கியில் வைப்புநிதியாகப் போட்டு வட்டியை மட்டும் எடுத்துக்கொள்ளச் சொல்வது வழக்கம். அது குழந்தையின் பணத்துக்குப் பாதுகாப்பு, சந்தேகமில்லை. ஆனால் ஓர் அறுவை சிகிச்சைக்குக் கைநீட்ட மறுபடி மனு போட வேண்டும்.

மருத்துவர் தரப்பையும் கேட்காமல் இந்த எடை போடல் முடியாது. தமிழ்நாட்டில் ஏறத்தாழ 45 சதவீதப் பிரசவங்கள் அறுவையில் நடக்கின்றன என்கிறது ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு. தனியாரில் அது 60 சதவீதத்துக்கும் மேல். வழக்குக்குப் பயந்துதான் என்று எல்லாவற்றையும் அதன் தலையில் கட்டிவிட முடியாது. பணம், நேரம், நல்ல நாள், தாயின் பயம் எல்லாம் இதில் கலந்திருக்கின்றன. ஆனாலும் சந்தேகம் வந்தால் வெட்டிவிடு என்பது பாதுகாப்பான முடிவாக மாறிவிட்டதில் வழக்குக்கும் பங்குண்டு. பிரசவ அறையில் தொடர்ந்து சி.டி.ஜி. போடும் பழக்கம் அறுவைகளைக் கூட்டியதே ஒழிய மூளை முடக்குவாதத்தைக் குறைத்ததாகத் தெரியவில்லை. சிறிய ஊர் நர்சிங் ஹோம்கள் கொஞ்சம் சிக்கல் என்றாலே ஆம்புலன்சில் ஏற்றி அனுப்பிவிடுகின்றன. வழியில் போகும் அரைமணி நேரம்தான் சில குழந்தைகளுக்கு எமன். இன்னொரு பக்கம், கிரிமினல் புகார் கொடுத்து மிரட்டிச் சமரசம் பேசுவதும் நடக்கிறது. 2005-ல் உச்ச நீதிமன்றத்தின் ஜேக்கப் மேத்யூ தீர்ப்பு அதற்குக் கடிவாளம் போட்டது. ஆனால் சிவில் வழக்கு மெதுவாக நகர்கிறவரை கோபம் பணியிலிருக்கும் செவிலியர் மீதும் பயிற்சி மருத்துவர் மீதும்தான் பாயும்.

அரசு மருத்துவமனையில் நிலைமை இன்னும் குழப்பம். தமிழ்நாட்டுப் பிரசவங்களில் மூன்றில் இரண்டு பங்கு அங்கேதான் நடக்கின்றன. எல்லோருக்கும் முழுக்க இலவசமாகச் சேவை தரும் இடம் நுகர்வோர் சட்டத்தில் வராது என்பது 1995 தீர்ப்பு. கட்டண வார்டும் இருந்தால் இலவச நோயாளியும் நுகர்வோர் என்பதும் அதே தீர்ப்பு. எது எந்த வகை என்று ஒரு கூலித் தொழிலாளிக்கு யார் சொல்வது? உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடலாம், சிவில் கோர்ட்டுக்குப் போகலாம். ஏழைக் குழந்தைக்கு வாசல்கள் நிறைய. ஒவ்வொன்றிலும் ஒரு பூட்டு.

ஜப்பான் வேறு வழி பிடித்தது. 2006-ல் ஃபுகுஷிமா மாகாணத்தில், பிரசவத்தில் தாய் இறந்ததற்காக ஒரு மகப்பேறு மருத்துவர் கைது செய்யப்பட்டார். பின்னர் அவர் விடுதலையானார், ஆனால் அந்தக் கைது மருத்துவ உலகையே உலுக்கியது. 2009 ஜனவரியில் அங்கே மகப்பேறு இழப்பீட்டுத் திட்டம் தொடங்கியது. கடுமையான மூளை முடக்குவாதத்தோடு பிறந்த குழந்தை தகுதிக்குள் வந்தால் யார் தவறு என்று கேட்பதில்லை. மொத்தம் 3 கோடி யென். முதலில் 60 லட்சம், பிறகு இருபது ஆண்டுகளுக்கு ஆண்டுதோறும் 12 லட்சம். ஒவ்வொரு பிரசவத்துக்கும் மருத்துவமனை கட்டும் காப்பீட்டுத் தொகையிலிருந்து இது வருகிறது. எனக்கு முக்கியமாகப் படுவது பணத்தைவிட அடுத்த பகுதி. ஒவ்வொரு குழந்தையின் பிரசவத்தையும் நிபுணர் குழு ஆராய்ந்து, என்ன நடந்தது, எதை வேறு மாதிரி செய்திருக்கலாம் என்று அறிக்கை எழுதிப் பெற்றோருக்கும் மருத்துவமனைக்கும் தருகிறது. அதன் சுருக்கம் பெயரில்லாமல் எல்லோரும் படிக்க வெளியாகிறது. வழக்குப் போடும் உரிமையும் பறிக்கப்படவில்லை. வென்றால் கிடைத்த தொகையைக் கழித்துக்கொள்வார்கள்.

அந்த உரிமையைப் பறித்தால் என்னவாகும் என்பதற்கு அமெரிக்காவின் ஃப்ளோரிடா சாட்சி. அங்கே 1988-ல் வந்த திட்டம் பெற்றோரின் வழக்குரிமையை எடுத்துக்கொண்டு வாழ்நாள் பராமரிப்பை உறுதி செய்தது. நிதி பெருகியது, பெற்றோரோ மாத்திரைக்கும் சக்கர நாற்காலிக்கும் மன்றாடினார்கள். 2021-ல் மயாமி ஹெரால்டு நாளிதழும் புரோபப்ளிகாவும் அதை அம்பலப்படுத்திய பிறகே சட்டம் திருத்தப்பட்டு, பெற்றோருக்கான தொகை 1 லட்சம் டாலரிலிருந்து 2.5 லட்சமானது. நீதிமன்றத்தின் நிழல் மேலே விழாத நிதி, கொடுப்பதை மறந்து சேர்ப்பதில் இறங்கிவிடும். ஜப்பான் திட்டத்திலும் குறைகள் உண்டு. பிறவிக் கோளாறு என்று முத்திரை விழுந்தால் வெளியேதான். குறைமாதக் குழந்தைகளைச் சலித்தெடுத்த விதிகளைத் தளர்த்த 2022 வரை ஆனது.

இரண்டையும் வைத்துப் பார்க்கையில் என் முடிவு இது: வழக்கு இருக்கட்டும், குழந்தையின் சாப்பாடும் சிகிச்சையும் அதில் தொங்கக் கூடாது. இது ஆகாத காரியமில்லை. பிரசவத்தில் தாய் இறந்தால் ஒவ்வொரு மரணத்தையும் விசாரித்து எங்கே தாமதம் என்று தேடும் பழக்கம் தமிழ்நாட்டில் ஏற்கெனவே வேரூன்றியிருக்கிறது. மாநிலத்தில் தாய் மரணம் குறைந்ததில் அதற்கும் பங்குண்டு. அதே கண்ணோடு, உயிரோடு வீடு திரும்பிய, ஆனால் மூளை பாதிக்கப்பட்ட குழந்தையின் கேஸ் ஷீட்டையும் பார்க்கலாம். அவசரப் பிரசவ, சிசு சிகிச்சைக்கான சீமாங்க் மையங்கள் இருக்கின்றன. மாவட்டந்தோறும் ஆரம்பகால இடையீட்டு மையமும் இருக்கிறது. கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கு மாநில அரசு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்புத் தொகை தருகிறது. இரண்டு பேர் கூலியைக் கணக்கில் சேர்த்த தீர்ப்பை அதன் அருகில் வைத்தால் இடைவெளி புரியும். தனியார், அரசு என்று பாராமல் ஒவ்வொரு பிரசவத்துக்கும் ஒரு சிறு தொகை ஒதுக்கி ஒரு நிதியும், பெற்றோர் கையில் தமிழில் தரப்படும் ஒரு விசாரணை அறிக்கையும் இருந்தால், வழக்குக்குப் போகும் குடும்பமும் இருட்டில் துழாவ வேண்டியிருக்காது.

அதுவரை உடனே திருத்தக்கூடிய ஒன்று காலக்கெடு. நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் மனு போட வேண்டும். தாமதத்துக்குத் தகுந்த காரணம் காட்டினால் மன்னிப்பது ஆணையத்தின் விருப்பம். தலை நிற்கவில்லை, உட்காரவில்லை, "சில பிள்ளைங்க லேட்டாத்தான் நடக்கும்" என்று பெரியவர்கள் ஆறுதல் சொல்லி, கடைசியில் ஒரு நரம்பியல் மருத்துவர் நோயின் பெயரைச் சொல்லும்போதே குழந்தைக்கு ஒன்றரை, இரண்டு வயதாகிவிடுகிறது. சிவில் கோர்ட்டுக்குப் போனால் மைனருக்குப் பதினெட்டு வயதான பிறகும் மூன்றாண்டு அவகாசம் உண்டு. ஆனால் கேஸ் ஷீட்டை மருத்துவமனை மூன்றாண்டு வைத்திருந்தால் போதும் என்பதே விதி. பிறந்த குழந்தைக்குப் பாதிப்பு ஏற்பட்ட பிரசவங்களில் மட்டுமாவது ஆவணங்களை இருபத்தொரு ஆண்டு வைத்திருக்க வேண்டும், இரண்டாண்டுக் கெடு நோயின் பெயர் பெற்றோருக்கு எழுத்தில் தரப்பட்ட நாளிலிருந்து தொடங்க வேண்டும் என்று விதியைத் திருத்த அரசுக்குப் புதிதாக ஒரு ரூபாய் நிதிகூட ஒதுக்க வேண்டியதில்லை.