மூன்றடித் தொட்டியில் இரண்டு குடித்தனம்

மீன் வளர்ப்பில் இதைவிடப் பெரிய சந்தோஷம் ஒன்று உண்டு என்று யார் சொன்னாலும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஒரே மூன்றடித் தொட்டி. உள்ளே கிரிபென்சிஸ் என்னும் குட்டைச் சிக்லிட் மீன் இரண்டு ஜோடி. இரண்டு ஜோடியும் குஞ்சு பொரித்து, அவரவர் எல்லையைக் காத்துக்கொண்டு, வால் கிழியாமல், கண் போகாமல் வாழ்கின்றன! அந்தத் தொட்டி என் வீட்டுக் கூடத்தில் இருக்கிறது. மாலையில் வேலை முடிந்து வந்து அதன் முன்னால் உட்கார்ந்தால் எழுந்திருக்க மனசே வராது.

'சிக்லிட் என்றாலே அடிதடி. ஒரு தொட்டிக்கு ஒரு ஜோடிதான், மீறினால் காலையில் ஒன்று மிதக்கும்' என்றுதான் மீன் வளர்ப்பவர்கள் சொல்வார்கள். குட்டைச் சிக்லிட்டுகளுக்கும் அதே பெயர்தான். அந்தப் பயத்திலேயே எத்தனையோ பேர் இந்த அற்புதமான மீனைத் தொடாமல் விட்டுவிடுகிறார்களே என்பதுதான் எனக்கு ஆதங்கம்.

கிரிபென்சிஸ் நைஜீரியாவின் தென்பகுதி ஆறுகளைச் சேர்ந்தது. 1901இல் பவுலஞ்சர் என்ற விலங்கியலாளர் இதற்கு அறிவியல் பெயர் சூட்டினார். ஆண் 10 சென்டிமீட்டர் வரை வளரும், பெண் 7. அழகு முழுக்கப் பெண்ணிடம்தான். முட்டையிடத் தயாராகும்போது அதன் வயிறு நாவற்பழம் தின்ற நாக்கின் நிறத்துக்கு வந்துவிடும். சிக்லிட்டுகளில் பெரும்பாலும் ஆண்தான் ஆட்டம் போடும். இங்கே பெண் ஆணின் முன்னால் வந்து, உடலை வளைத்து, அந்த வயிற்றைக் காட்டி நடுங்கி நிற்கும். அந்த நடுக்கத்தை ஒருமுறை பார்த்தவர்கள் இந்த மீனை விடவே மாட்டார்கள்.

கொளத்தூரில் நான் வழக்கமாக மீன் வாங்கும் கடைக்கார அண்ணன் முதல் நாளே ஒன்று சொன்னார். "ஜோடின்னு சொல்லி ரெண்டைக் கட்டி வைக்காதீங்க தம்பி. ஆறு குட்டி வாங்கிட்டுப் போங்க. யாருக்கு யாருன்னு அதுங்களே முடிவு பண்ணிக்கும்." தங்கமான யோசனை! ஒன்றாக வளர்ந்து, தானே சேர்ந்த ஜோடிக்குள் சண்டை மிகவும் குறைவு. நாம் பார்த்துச் சேர்த்துவைத்த ஜோடியில் முதல் வாரமே பெண்ணின் துடுப்பு கந்தலாகிவிடும். ஆறில் நான்கு மீன்கள் இரண்டு ஜோடியாகச் சேர்ந்ததும் மிச்சம் இரண்டை அண்ணனே திரும்ப வாங்கிக்கொண்டார்.

இனிதான் விஷயமே. இந்த மீன்களின் சண்டையை ஒழிக்க முடியாது, ஒழிக்கவும் கூடாது. அதற்கு ஒரு திசை காட்டிவிட்டால் போதும். ஆஸ்திரிய விலங்கியலாளர் கான்ராட் லோரென்ஸ் 1963இல் வெளியிட்ட நூலில் சிக்லிட் ஜோடிகளைப் பற்றி எழுதியிருப்பது எனக்கு வேதம். ஜோடியைத் தனியாக ஒரு தொட்டியில் விட்டால், எதிரிமேல் காட்ட வேண்டிய கோபத்தை ஆண் தன் பெண்மேலேயே காட்டிவிடுகிறதாம். நடுவில் கண்ணாடித் தடுப்பு வைத்து, அந்தப் பக்கம் இன்னொரு ஜோடியை விட்டால் இரண்டு வீட்டிலும் அமைதி. அந்தக் கண்ணாடியில் பாசி படர்ந்து பக்கத்து வீட்டுக்காரன் கண்ணுக்கு மறைய ஆரம்பித்ததும் ஆண்கள் மறுபடி தங்கள் பெண்களிடம் முரண்டு பிடித்தன. கண்ணாடியைத் துடைத்தார்கள், சண்டை நின்றது! இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

அப்படியென்றால் எதிரி கண்ணில் பட வேண்டும். ஆனால் என் தொட்டியில் கண்ணாடித் தடுப்பு இல்லை, அதனால் எந்நேரமும் படக்கூடாது. என் தொட்டி முழுக்க இந்த ஒரு கணக்கில்தான் அமைந்திருக்கிறது. நடுவில் பின்கண்ணாடியிலிருந்து முன்பக்கம் வரை ஒரு மரக்கட்டை; அதன்மேல் அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் செடிகளைக் கட்டி, முக்கால் உயரத்துக்குச் சுவர் எழுப்பியிருக்கிறேன். முன்கண்ணாடி ஓரமாக மட்டும் நான்கு விரல் இடைவெளி. அந்த இடைவெளியில் தட்டையான கறுப்புக் கல் ஒன்று. அதுதான் எல்லைக்கல். இந்த மீன்கள் கண்ணுக்குத் தெரியும் அடையாளத்தை வைத்தே எல்லை வகுக்கும். அடையாளம் இல்லாத வெறும் மணல்தரையில் விட்டால் ஒவ்வொரு அங்குலத்துக்கும் தகராறுதான்.

குகைகளுக்கு நம் வீட்டுச் சமையலறையே போதும். கொட்டாங்குச்சியை நார் போகச் சுரண்டி, கொதிக்கவைத்து, விளிம்பில் ஒரு ஓட்டை போட்டுக் கவிழ்த்தால் அதைவிட நல்ல குகை எந்தக் கடையிலும் கிடைக்காது. இரண்டு கோடியிலும் மும்மூன்று வைத்திருக்கிறேன். வாசல்கள் ஓரக் கண்ணாடியைப் பார்த்தே இருக்கும். முட்டைக் காவலில் இருக்கும் பெண்ணுக்கு எல்லைக்கல் தெரியக்கூடாது. ரோந்து போகும் ஆணுக்குத் தெரிய வேண்டும். மேலே காய்ந்த நாட்டு வாதுமை இலை சில. தண்ணீர் தேநீர் நிறமாகி, தூரத்துப் பார்வை இன்னும் கொஞ்சம் மங்கும். இலையை அளவோடு போட வேண்டும். தண்ணீரில் அமிலத்தன்மை கூடினால் இந்த இனத்தில் ஆண் குஞ்சுகள் அதிகமாகிவிடும்.

அந்தக் கல்லருகே நடப்பதை எத்தனை முறை பார்த்தாலும் அலுக்காது. இரண்டு ஆண்களும் ஒரே நேரத்தில் வரும். கல்லுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. துடுப்பெல்லாம் விரியும், செவுள் புடைக்கும், பக்கவாட்டில் நின்று வாலால் தண்ணீரை எதிராளிமேல் தள்ளும். ஒன்று துணிந்து கல்லைத் தாண்டும். ஒரு சாண் போவதற்குள் வீரம் வடிந்துவிடும். துரத்தப்பட்டது திரும்பித் துரத்தும். சொந்த வாசலுக்கு எவ்வளவு கிட்டவோ அவ்வளவு தைரியம். கடைசியில் இரண்டும் அதே கல்லில் வந்து நிற்கும். நிறம் தணியும். மணலைக் கொத்திக்கொண்டே அவரவர் வீட்டுக்குத் திரும்பும். கடி ஒன்றுகூட விழுந்திருக்காது!

மேல்தண்ணீரில் ஒரு கூட்டம் ஜீப்ரா டேனியோ ஓடுகிறது. வேகமான மீன், அடி விழாது. குஞ்சுக் காலத்தில் பெற்றோரின் பரபரப்பு இவற்றைத் துரத்துவதிலேயே பாதி கரைந்துபோகும். கோரிடோராஸ் மட்டும் வேண்டவே வேண்டாம். அடித்தரையில் மேயும் அந்த அப்பாவிக்கு எல்லையே புரியாது, கண்ணைப் பறிகொடுத்துவிடும். தீனியை எப்போதும் இரண்டு கோடியிலும் ஒரே நேரத்தில் போடுவேன்.

ஒரு மீன் துடுப்பை மடக்கிக்கொண்டு, வெளிறி, மேல்மூலையில் பில்டருக்குப் பின்னால் ஒதுங்கினால் அன்றைக்கே வலைத் தடுப்பு போட்டுவிட வேண்டும். 'நாளைக்குப் பார்க்கலாம்' என்பதற்கு இங்கே இடமில்லை. குஞ்சுகள் நீந்தத் தொடங்கும் சமயத்தில் சில பெண்கள் கணவனையே கிட்டே விடாது. அதற்குத்தான் உபரிக் குகைகள். ஒதுங்க ஒரு கூரை இருந்தால், கோபம் தணிந்ததும் பெண்ணே ஏற்றுக்கொள்ளும்.

முட்டைகள் குகையின் கூரையில் ஒட்டியிருக்கும். சுமார் மூன்று நாளில் பொரிந்து, அடுத்த நான்கைந்து நாளில் குஞ்சுகள் மேகமாகக் கிளம்பும். முன்னால் அம்மா, பின்னால் அப்பா. ஸ்பாஞ்ச் பில்டர்மேல் மேயும், புதிதாகப் பொரித்த ஆர்ட்டீமியா இறால் குஞ்சுகளைத் தின்று வயிறு ஆரஞ்சாகும். விளக்கை அணைக்கும் நேரத்தில் பெற்றோர் பின்தங்கிய குஞ்சை வாயால் கவ்வி, குகைக்குள் போய்த் துப்பும்.

இதைச் சொல்லாமல் முடிக்க முடியாது. இரண்டு ஜோடிக்கும் ஒரே பருவத்தில் குஞ்சு இருந்தபோது, ஒரு சிறு கூட்டம் வழிதவறிக் கல்லைத் தாண்டிப் போய்விட்டது. எதிர்வீட்டு ஆண் விரைந்து வந்தது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். கவ்வியது, தன் குஞ்சுகளுக்கு நடுவே துப்பியது, அவ்வளவுதான்! அடுத்த நொடியே கல்லருகே போய்ப் பக்கத்து ஆணிடம் செவுளைப் புடைத்தது. சிக்லிட்டுகளில் இப்படி அயலார் குஞ்சைத் தத்தெடுப்பது ஆய்வாளர்கள் பதிவு செய்த வழக்கம்தான். கூட்டம் பெருத்தால், இரை தேடி வருபவனிடம் தன் குஞ்சு அகப்படும் வாய்ப்பு குறைகிறது. தெரிந்த விஷயம்தான், ஆனாலும் நம் கண்முன்னே நடக்கும்போது உடம்பே சிலிர்க்கிறது.

அடுத்து நான் வளர்க்க நினைப்பது அபிஸ்டோகிராமா காகட்டூய்டஸ் என்ற இன்னொரு குட்டைச் சிக்லிட். அது வேறு கணக்கு: ஓர் ஆணின் பெரிய எல்லைக்குள் மூன்று நான்கு பெண்கள், ஆளுக்கொரு குட்டி நாடு. எல்லைக்கற்கள் நிறைய வேண்டும், கொட்டாங்குச்சிகளும். அம்மாவிடம் சொல்லிவைத்திருக்கிறேன், துருவி முடித்த எதையும் எறிய வேண்டாமென்று.